அமிலத்துக்குப் பிறவிக் குணம் உண்டோ?

ஐதரோகுளோரிக் அமிலம் வன்னமிலம். அசற்றிக் அமிலம் மென்னமிலம். பீனோல் அதனினும் மெலிந்தது. இவ்வாறானதோர் அட்டவணையை மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்தில் ஒப்புவித்து, பின்னர் மறந்துவிடுவதே அமிலங்கள் குறித்து நம்மிற் பெரும்பாலாருக்கு வாய்த்த கல்வி. மறந்துவிடுவதாற் பெருங்கேடு எதுவுமில்லை. மறவாது எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. கேடு அதிலேதான் உளது. வலிமையும் மென்மையும் ஒரு பொருளோடு உடன்பிறந்தவை, வேம்புக்குக் கசப்புப் போல அப்பொருளை விட்டு நீங்காதவை என்ற எண்ணமே அது. இவ்வெண்ணம் தவறு. தவறென்று நிறுவப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் நமது வகுப்பறைகள் அதனை விடாப்பிடியாகப் பற்றி நிற்கின்றன. அதற்காகச் சொல்லப்படும் நியாயங்களும் நியாயங்களல்ல என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

கலைப்பீடத்து மாணவன் ஒருவனுக்கு அமிலங்களோடு என்ன வழக்கு என்று கேட்போர் இருப்பர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். ஒரு பொருளின் குணம் என்பது யாது, அது பொருளிடத்தே உறைவதா அல்லது அப்பொருள் பிறவற்றோடு கொள்ளும் உறவிலே தோன்றுவதா என்பது மெய்யியலின் மிகப் பழைய வினா. விஞ்ஞானபீட நண்பர்கள் நமக்கு எண்ணைத் தருகின்றனர், நன்றி. அந்த எண் எதனுடைய எண் என்று கேட்பதற்கு எவரிடமும் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டியதில்லை. தவிரவும், இவ்வினாவை எழுப்பும் பொருள் ஒன்று இரசாயனத்துள்ளேயே இருக்கின்றது. ஒளியால் அருட்டப்பட்ட அமிலங்கள் கரைசலிலே தம் புரோத்தனை இழக்கும் தாக்கங்களே அவை.

முதலில் அமிலம் என்பது என்னவென்று தெளிவுபடுத்திக் கொள்வோம். 1923 இல் புரொன்ஸ்ரெட், லோரி என்னும் இருவரும் தனித்தனியே கூறிய வரைவிலக்கணப்படி, புரோத்தனைக் கொடுப்பது அமிலம்; அதனை ஏற்பது மூலம். ஒரு மென்னமிலத்தை நீரிற் கரைத்தால் அதன் மூலக்கூறுகளுட் சில தம் புரோத்தனை நீருக்குக் கொடுத்து அனயன்களாகும். அனயன்களுட் சில அதனை மீளப் பெறும். போக்கும் வரவும் சமப்படும் இடத்தைக் குறிப்பதே பி.கே.ஏ. என வழங்கும் எண். எண் சிறிதாயின் அமிலம் வலிது. அது மடக்கை அளவாதலின், ஓர் அலகு குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும். கரைசலின் பி.எச். இவ்வெண்ணுக்குச் சமமாகும்போது பாதி அமிலமாகவும் பாதி அனயனாகவும் நிற்கும். அட்டவணையிலே அசற்றிக் அமிலத்தின் எண் 4.76.

இனி 2-நப்தோலை எடுத்துக்கொள்வோம். அலுமாரியில் இடும் பூச்சி உருண்டையின் நப்தலீன் இரட்டை வளையத்தில் ஓர் ஐதரொட்சில் கூட்டம் தொங்குவதாகக் கற்பனை செய்தால் அதுவே இப்பொருள். அட்டவணையில் அதன் எண் 9.5. அதாவது, பி.எச். 7 ஆகவுள்ள நீரில் ஆயிரம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ மூன்றே புரோத்தனை இழந்து நிற்கும். மிக மெலிந்த அமிலம் என்று அட்டவணை தீர்ப்பளித்துவிடுகின்றது. ஆனால் அந்த அட்டவணை இருட்டிலே எழுதப்பட்டது.

1931 இல் வெபர் என்னும் ஆய்வாளர், நப்தலீன் வழிவந்த சில பொருள்களின் கரைசலில் ஒரு முரண்பாட்டைக் கண்டார். கரைசலின் பி.எச். ஐ மாற்றிக்கொண்டு சென்றபோது அது உறிஞ்சும் ஒளி ஓரிடத்தில் மாறியது; அது காலும் ஒளியோ முற்றிலும் வேறோரிடத்தில் மாறியது. பொருள் ஒன்று, அட்டவணை எண் ஒன்று; திருப்பங்களோ இரண்டு. அட்டவணையை நம்பியிருப்பவர் இதனைப் பரிசோதனைப் பிழையென்று தள்ளியிருப்பார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, ஜேர்மனியின் கெட்டிங்கன் நகரிற் பணியாற்றிய தியோடோர் ஃபோர்ஸ்ரர் 1949 இலும் 1950 இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்கு விடை தந்தார். உறிஞ்சலில் நாம் காண்பது தரைநிலையிலுள்ள மூலக்கூற்றின் அமிலத்தன்மையை. புளோரொளிர்விற் காண்பது ஒளியை விழுங்கி அருட்டப்பட்ட மூலக்கூற்றின் அமிலத்தன்மையை. இரண்டும் ஒன்றல்ல என்பதே அவ்விடை.

ஃபோர்ஸ்ரரின் நியாயம் எவ்வளவு எளியது என்பதைக் காட்டாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. இது கடினமான விடயம், உங்களுக்கு விளங்காது என்று சொல்லிச் சொல்லியே நம்மை வாசலில் நிறுத்தி வைத்திருக்கின்றனர். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளும் மேற்றளத்தில் இரண்டு அறைகளும் கொண்ட ஒரு வீட்டைக் கருதுக. கீழே ஓர் அறையில் அமிலம், மற்றதில் அதன் அனயன். மேலே ஓர் அறையில் அருட்டப்பட்ட அமிலம், மற்றதில் அருட்டப்பட்ட அனயன். அமிலத்தின் அறையிலிருந்து நேர்மேலே செல்லும் படிக்கட்டின் உயரத்தை, அது உறிஞ்சும் ஒளியும் காலும் ஒளியும் கூறிவிடும். அனயனின் படிக்கட்டும் அவ்வாறே அளக்கப்படும். கீழ்த்தளத்தில் ஓர் அறையிலிருந்து மற்றதற்குச் செல்வதன் செலவு அட்டவணையில் இருக்கின்றது. நான்கு வழிகளுள் மூன்று தெரிந்தால் நான்காவது தானே தெரியும். எவ்வழிச் சென்றாலும் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றாயின் சக்திக் கணக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

2-நப்தோலில், அமிலத்தின் படிக்கட்டு மூலொன்றுக்கு ஏறத்தாழ 360 கிலோயூல் உயரமுடையது. அனயனின் படிக்கட்டு அதனிலும் 38 கிலோயூல் அளவு தாழ்ந்தது. ஆகவே மேற்றளத்தில் அமிலம் அனயனாவதற்கு ஆகும் செலவு கீழ்த்தளத்திலும் பார்க்க 38 கிலோயூல் குறைவு. சாதாரண அறை வெப்பநிலையில் பி.கே.ஏ. யின் ஓர் அலகு 5.7 கிலோயூலுக்குச் சமம். முப்பத்தெட்டை 5.7 ஆல் வகுத்தால் 6.7, அதனை 9.5 இலிருந்து கழித்தால் 2.8. அவ்வளவுதான். இருட்டில் 9.5 ஆக இருந்த எண் ஒளியில் 2.8 ஆகிவிட்டது. வலிமை ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மடங்கு பெருகிவிட்டது. அட்டவணையில் அசற்றிக் அமிலத்துக்கு எத்தனையோ படி கீழே கிடந்த பொருள் அதனை மிஞ்சி நிற்கின்றது. கணக்கிலே ஓர் எடுகோளும் உண்டு: புரோத்தன் நீங்கும்போது எந்திரப்பியில் ஏற்படும் மாற்றம் இரு தளங்களிலும் ஏறத்தாழ ஒன்றே என்று கொள்ளப்படுகின்றது. இவ்வெடுகோளால் விடையிற் சிறு வழு நேரலாம். ஐம்பது இலட்சத்தை அது ஒன்றாக்கிவிடாது.

நிகழ்வது இதுதான். அருட்டப்பட்ட நப்தோல் தன் புரோத்தனை அருகிலுள்ள நீருக்குக் கொடுத்து, அருட்டப்பட்ட அனயனாகி, ஒளியைக் காலிக் கீழிறங்குகின்றது. புரோத்தனை இழக்காத மூலக்கூறு 355 நனோமீற்றர் அளவில், ஊதாக்கடந்த எல்லையில் ஒளிரும். இழந்தது 420 நனோமீற்றர் அளவில், கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்தில் ஒளிரும். கீழிறங்கிய அனயன் அட்டவணையின் ஆட்சிக்கு மீண்டதும் புரோத்தனைத் திரும்பப் பெற்றுப் பழைய நப்தோலாகிவிடும். எந்தப் பிணைப்பும் நிரந்தரமாக முறியவில்லை. கரைசலில் எந்தத் தடயமும் இல்லை. (நுண்மின்சுற்றுகளை அச்சிடும் தொழிலில், ஒளிபட்டதும் சிதைந்து அமிலத்தை விடுவிக்கும் பொருள்களைப் பயன்படுத்துவர். அவை சிதைந்தது சிதைந்ததே. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது குழப்பத்துக்கே வழிவகுக்கும்.)

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

ஒளி சக்தியைக் கொடுக்கின்றது, சக்தி பெற்ற பொருள் மூர்க்கங்கொள்கின்றது, இதில் என்ன புதுமை, இரும்பைக் காய்ச்சினாற் சுடாதா என்பது முதலாவது. கேட்பதற்கு நன்றாக இருக்கின்றது, உண்மையன்று. மேலே சொன்ன கணக்கிலேயே இதற்கு மறுப்பு உண்டு. நப்தோல் விழுங்கிய 360 கிலோயூலில் அமில வலிமையை மாற்றியது 38 மட்டுமே. அதனிலும் வலிய மறுப்பை 1961 இல் ஜக்சனும் ஜோர்ஜ் போர்ட்டரும் வழங்கினர். அருட்டப்பட்ட மூலக்கூறு சிலவேளை மும்மை நிலை எனப்படும் வேறோர் அருட்டல் நிலைக்கு வழுவிச் செல்வதுண்டு. அங்கே இரண்டு இலத்திரன்களின் சுழற்சிகள் ஒரே போக்கின. அந்நிலையிலும் மூலக்கூறு தான் பெற்ற சக்தியின் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்திருக்கின்றது. ஆனால் 2-நப்தோலின் பி.கே.ஏ. அங்கே 8.1. கிட்டத்தட்டப் பழைய மென்மைக்கே திரும்பிவிட்டது! சக்தியே காரணமாயின் இது எவ்வாறு நிகழும்? மேலும், ஒளி எல்லா அமிலங்களையும் வலியனவாக்குவதுமில்லை. 2-நப்தோயிக் அமிலம் தரைநிலையில் 4.2, ஒளி பட்டதும் அதன் எண் ஆறினைத் தாண்டுகின்றது. அது மெலிந்துவிடுகின்றது. ஒரே நப்தலீன் வளையம், ஒரே ஒளி. தொங்கும் கூட்டம் வேறானதும் விளைவு எதிர்மாறாகின்றது. முடிவு செய்வது ஒளியின் அளவன்று. ஒளி பட்டபின் இலத்திரன்கள் எங்கே சென்று நிற்கின்றன என்பது. நப்தோலிலே அவை ஒட்சிசனை விட்டு வளையத்தை நோக்கிச் சாய்கின்றன. புரோத்தனைப் பிடித்துவைத்திருக்கும் கை தளர்கின்றது. இச்சாய்வு முக்கியமாக அமிலத்தில் நிகழ்கின்றதா, புரோத்தன் நீங்கிய அனயனிலா என்பதில் ஆய்வாளரிடையே பிற்காலத்தில் விவாதம் எழுந்தது. அனயனிலேயே பெரும்பங்கு என்று கூறுவோரின் வாதம் எனக்கு வலிதாகத் தோன்றுகின்றது. பழைய பாடநூல்களோ முதலாவதை மட்டுமே கூறிச் சென்றன.

இரண்டாவது எதிர்வாதம் நமது துறைக்கு நெருக்கமானது. தரைநிலையே பொருளின் உண்மை இயல்பு. அருட்டல் வந்துபோகும் ஒரு விருந்தாளி. விருந்தாளியைக் கொண்டு வீட்டுக்காரனை வரையறுக்கலாமா என்பர். சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இதனைச் சொரூப இலக்கணம், தடத்த இலக்கணம் என்று பிரித்துப் பேசவும் கூடும். நல்லது, பேசட்டும். ஆனால் தரைநிலையின் எண் மட்டும் எப்படிச் சொரூபமாயிற்று? 9.5 என்பது நீரிலே, 25 பாகை செல்சியஸ் அளவிலே பெறப்பட்ட எண். ஐதரோகுளோரிக் அமிலமும் பேர்குளோரிக் அமிலமும் நீரிலே ஒன்றுக்கொன்று சளைக்காத வன்னமிலங்கள். ஏனெனில் இரண்டினது புரோத்தனையும் நீர் முற்றாக வாங்கிவிடுகின்றது. அவற்றைத் தூய அசற்றிக் அமிலத்திற் கரைத்தால் வேறுபாடு வெளிப்படும். பேர்குளோரிக் அமிலம் முந்தும். மென்னமிலம் என்று நாம் ஒதுக்கிய அசற்றிக் அமிலம் திரவ அமோனியாவில் வன்னமிலமாக நடந்துகொள்ளும். கொடுப்பவனின் வலிமை வாங்குபவனைப் பொறுத்தது. ஆகவே அட்டவணையின் எண்கள் அனைத்துமே தடத்தம். அவற்றுட் சொரூபம் என்று எதுவுமில்லை. நிபந்தனைகளைத் தலைப்பிலே பொடி எழுத்தில் ஒதுக்கிவிட்டு எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டதனால் நாம் ஏமாந்தோம். (இதனை வைத்துக்கொண்டு, அமிலங்களின் இயல்பைச் சித்தாந்திகள் அன்றே அறிந்திருந்தனர் என எவரேனும் அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத முற்பட்டால், அதற்கு நான் பொறுப்பாளியல்லன்.)

மூன்றாவது எதிர்வாதமே உண்மையிற் கனமானது. அதனை இரசாயனம் நன்கறிந்த நண்பர் ஒருவரே என்னிடம் எழுப்பினார். அருட்டப்பட்ட மூலக்கூறு வாழ்வது சில நனோசெக்கன்கள். அதாவது செக்கனின் நூறு கோடியிற் சில பங்கு. பி.கே.ஏ. என்பதோ சமநிலையைக் குறிக்கும் எண். சமநிலையை அடையுமுன்னரே மாண்டுபோகும் பொருளுக்குச் சமநிலை எண் கூறுவது எவ்வளவு பொருத்தம்?

இதற்கு விடை இரண்டு படிகளாக உண்டு. ஃபோர்ஸ்ரரின் கணக்கு சமநிலையை எட்டிவிட்டதாகக் கூறவில்லை. எட்டுவதாயின் அது எங்கே அமையும் என்று கூறுகின்றது. மலையுச்சிக் கல் இன்னும் உருளவில்லை என்பதால் மலையின் உயரம் இல்லையென்றாகிவிடாது. ஆனால் நண்பரின் வாதத்தில் ஓர் உண்மையும் உளது. அதனை மறைப்பது நேர்மையன்று. பி.எச். 7 உள்ள நீரில், 2.8 என்ற எண்ணை மட்டும் நம்பினால், அருட்டப்பட்ட நப்தோல் அனைத்தும் புரோத்தனை இழந்திருக்க வேண்டும். உண்மையில் இரு ஒளிகளும் ஒருங்கே தெரிகின்றன. புரோத்தனைக் கைவிட நப்தோலுக்கு ஏறத்தாழ 10 நனோசெக்கன் வேண்டும். ஆயுளும் ஏறத்தாழ அந்த அளவினதே. எனவே சில கொடுத்துவிட்டு ஒளிர்கின்றன. சில கொடுக்குமுன்னரே ஒளிர்ந்துவிடுகின்றன. இந்தப் பந்தயத்தை 1950களில் நுணுகி ஆராய்ந்தவர் ஃபோர்ஸ்ரரோடு பணியாற்றிய அல்பேர்ட் வெல்லர். செக்கனுக்குள் கோடிக்கணக்கான முறை நிகழும் தாக்கங்களின் விரைவை, அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு, இரு நிறங்களின் பிரகாச விகிதத்திலிருந்தே அவர் கணித்தார். கடிகாரம் இல்லாத இடத்தில் மூலக்கூற்றின் ஆயுளையே கடிகாரமாக்கிய திறமை அது. மிக விரைவான தாக்கங்களை வேறு வழிகளில் அளந்த மன்பிரட் ஐகன், நொரிஷ், போர்ட்டர் ஆகியோருக்கு 1967 இல் நோபல் பரிசு கிடைத்தது. வெல்லரின் பெயரை நமது மாணவர் எவரும் கேள்விப்பட்டிருப்பாரோ என்பது ஐயம்.

விரைந்து கொடுக்கும் அமிலங்களும் உண்டு. பைரனீன் என்ற சாயத்தின் எண் தரைநிலையில் ஏறத்தாழ 7.3, ஒளியில் அது ஒன்றையொட்டி இறங்கிவிடும். நீரிலே ஏறத்தாழ 100 பைக்கோசெக்கனில், அதாவது நப்தோலுக்கு வேண்டிய நேரத்தின் நூற்றிலொரு பங்கில், அது புரோத்தனைக் கைவிட்டுவிடுகின்றது. நீல ஒளி காலவேண்டியது பச்சை ஒளி காலுகின்றது. அப்போதுங்கூடக் கதை முடிவதில்லை. வெளியேறிய புரோத்தன் சற்றுத் தொலைவு அலைந்து, பிரிந்த அனயனின் மின்னேற்றத்தால் ஈர்க்கப்பட்டு அதனிடமே திரும்புவதுண்டு. திரும்பியது மீண்டும் பிரியும். இத்திரும்புதல் ஒளியின் தேய்வில் நீண்டதொரு வாலாகப் பதிவாவதை 1986 இல் பைன்ஸ், ஹப்பேர்ட் ஆகியோர் விளக்கினர். கொடுத்தான், வாங்கினான் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் நமது பாடக்குறிப்புகளுக்கு இவையெல்லாம் எங்கே தெரியப்போகின்றன?

கரைப்பானுக்கும் இதிற் பங்குண்டு. நீரிலே இவ்வளவு தாராளமாக இருக்கும் 2-நப்தோலை மெதனோலிற் கரைத்து ஒளியூட்டினால், தன் ஆயுட்காலத்துக்குள் புரோத்தனைக் கொடுப்பதில்லை. புரோத்தனை ஏந்திக்கொள்ளும் நீர்க்கூட்டம் அங்கே இல்லை. வளையத்திலே சயனோக் கூட்டங்களைப் பொருத்தி இலத்திரன்களை மேலும் இழுக்கச் செய்தால் நிலைமை மாறுகின்றது. 1990களில் ரொல்பேட்டும் அவரோடு பணியாற்றியோரும் ஆக்கிய அத்தகைய பொருள்கள், நீரில்லாத அற்ககோலிலும் புரோத்தனைக் கொடுத்தன. இரண்டு சயனோக் கூட்டங்கள் கொண்ட ஒன்றின் எண் பூச்சியத்துக்கும் கீழே, ஏறத்தாழ மறை 4.5 வரை செல்கின்றது.

இவையெல்லாம் ஆய்வுகூட விநோதங்கள், சாதாரண வாழ்வில் இவற்றுக்கு என்ன இடம் என்போருக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. உளுக்குக்குப் பூசும் தைலங்களிலே மணக்கும் மீதைல் சலிசிலேற்று, ஊதாக்கடந்த ஒளியை வாங்கி நீல ஒளியைக் காலுவது எதனால் என்பதற்கு, மூலக்கூற்றின் உள்ளேயே புரோத்தன் ஒரு ஒட்சிசனிலிருந்து மற்றதற்குத் தாவுவதே காரணம் என்று வெல்லர் 1950களின் நடுப்பகுதியில் விளக்கம் தந்தார். 1962 இல் ஒசாமு ஷிமோமுரா ஒருவகைச் சொறிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம் இன்று உயிரியல் ஆய்வுகூடங்கள் எங்கும் பயன்படுகின்றது. அதற்காக 2008 இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டது. அதன் ஒளிரும் பகுதி பீனோல் இனத்தது. அட்டவணை மிக மெலிந்தது என்று ஒதுக்கிய அதே பீனோல். 395 நனோமீற்றர் ஒளியை அது விழுங்கியதும் அதன் புரோத்தன், ஒரு நீர் மூலக்கூற்றின் வழியாகவும் ஓர் அமினோ அமிலத்தின் வழியாகவும் கடந்து, இன்னொன்றைச் சென்றடைகின்றது. அதன் பின்னரே பச்சை ஒளி பிறக்கின்றது. 1996 இல் பொக்சரின் குழுவினர் இதனைக் காட்டினர். புரோத்தன் அசையாதிருந்தால் அந்த ஒளி நீலமாகவே இருந்திருக்கும். இன்னும் அண்மையில் வேண்டுமாயின், பாடக்குறிப்பில் முக்கிய வரிகளின்மேற் பூசும் மஞ்சட் பேனாவைப் பாருங்கள். அவ்வகை மைகள் பலவற்றிற் பைரனீன் உண்டு. அமிலத்தின் வலிமை அப்பொருளின் நிலையான இயல்பு என்ற வரியை நாம் அதைக் கொண்டுதான் துலக்கிக் காட்டி மனனஞ் செய்கின்றோம்.

கலைப்பீடத்து நண்பர்களுக்கும் ஒரு சொல். இத்தகைய செய்தி ஒன்று கையிற் கிடைத்ததும் அதனை உவமையாக்கி மேடையேற்றுவது நம்மிடையே ஒரு வழக்கம். ஒளி பட்டால் மெலியவனும் வலியவனாவான் என்று கவியரங்கில் ஒருவர் முழங்குவார். பிறவிக் குணம் இல்லை என்று நப்தோலே நிறுவிவிட்டதாகச் சாதியத்துக்கு எதிராக இன்னொருவர் எழுதுவார். சாதி ஒழியவேண்டும் என்பதற்கு நப்தோலின் சாட்சியம் தேவையில்லை. நாளை வேறொரு மூலக்கூறு எதிர்ச்சாட்சி சொன்னால் சாதியை ஏற்றுக்கொள்வோமா? அவ்வாறே, எல்லாம் சார்பானது, எதற்கும் உறுதியில்லை என்ற முடிவுக்குத் தாவுவோரும் ஃபோர்ஸ்ரரைப் படிக்காதோரே. வலிமை நிலையைச் சார்ந்தது என்றாரேயன்றி நிலையற்றது என்று அவர் கூறவில்லை. எந்நிலையில் எவ்வளவு என்பதைத் தசமத்தோடு கூறினார்.

இத்தகைய விடயங்களை எழுதத் தமிழ் இடந்தராது என்ற பல்லவியும் உண்டு. சாமுவேல் கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த மானிப்பாயும், 1875 இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூலும் நினைவிலிருப்போர் இதனைச் சொல்ல நாணுவர். அருட்டல் என்ற சொல்லையே பாருங்கள்: உறங்குபவனை உலுக்கி எழுப்புதற்கு நம்மவர் வழங்கிய சொல்லே கலைச்சொல்லாகிப் பாடநூலில் அமர்ந்திருக்கின்றது. காலல், தரைநிலை, அனயன், எந்திரப்பி ஆகிய சொற்கள் உயர்தர வகுப்பு மாணவர் வாயில் நாள்தோறும் புழங்குவன. சொல் இருக்கின்றது, அதனைக் கொண்டு பரீட்சை வினாத்தாளுக்கு வெளியே எழுதுவோரே அருகிவிட்டனர்.

தொடக்க மாணவருக்கு இவையெல்லாம் பாரம், அவர்களுக்கு ஓர் எண் போதும் என்று ஆசிரியர்கள் கூறுவர். பாரம் எது? காரணம் தெரியாமல் நாற்பது எண்களை மனனஞ் செய்வதா, ஓர் எண் ஏன் மாறுகின்றது என்பதை ஒருமுறை விளங்கிக்கொள்வதா? அட்டவணையை நீக்கும்படி நான் கேட்கவில்லை. பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் நிபந்தனைகளை எண்ணுக்குப் பக்கத்திலே கொண்டுவந்து, ஒரு பொருளுக்கேனும் மூன்று நிரல்கள் இட்டு அச்சிடலாம். அவ்வரி இவ்வாறு அமையும்: 2-நப்தோல், நீரில், 25 பாகை செல்சியஸ், தரைநிலை 9.5, ஒருமை அருட்டல் நிலை 2.8, மும்மை அருட்டல் நிலை 8.1.